லண்டன் எம்-25: ஒரு வட்டச்சாலையின் பாதுகாப்புக் கணக்கு

பி.காம். படிக்கிற ஆளுக்கு ரோட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். இருக்கிறது. ஒரு பெரிய சாலையைப் போடுவதா வேண்டாமா, எத்தனை தடம், நடுவில் தடுப்பு வேண்டுமா, ஓரத்தில் வண்டியை நிறுத்த இடம் விடுவதா என்ற எல்லா முடிவுக்கும் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் மனித உயிரும் ஒரு வரி. இதை நன்றாகப் புரிந்துகொள்ள லண்டன் நகரைச் சுற்றி ஓடும் எம்-25 வட்டச்சாலையின் வரலாற்றை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எம்-25-ன் நீளம் சுமார் 188 கிலோமீட்டர். 1986 அக்டோபர் 29 அன்று பிரதமர் மார்கரெட் தாட்சர் இதன் கடைசித் துண்டைத் திறந்து வைத்தார். ஆனால் கதை அதற்கு ஐம்பது வருடம் முன்பே ஆரம்பிக்கிறது. அங்கிருந்தே போவோம்.

வட்டச்சாலை எதற்காக வேண்டும் என்றார்கள்?

வட்டச்சாலை என்றாலே நெரிசலைக் குறைப்பதற்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். பிரிட்டனில் அந்த யோசனை வலுப்பெற்ற காலத்தில் இன்னொரு காரணமும் அதே அளவுக்குப் பேசப்பட்டது. தெருவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1930-ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கு இருந்த வேகக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. 1934-ல் பிரிட்டனில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 7,343 பேர். அப்போது அந்த நாட்டில் ஓடிய வண்டிகள் சுமார் 25 லட்சம்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் சொல்கிறேன். 2023-ல் அங்கே 4 கோடிக்கும் மேல் வண்டிகள் இருந்தன, சாலையில் இறந்தவர்கள் 1,624 பேர். அதாவது வண்டி பதினாறு மடங்கு கூடியும் சாவு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இது தானாக நடந்த விஷயம் இல்லை.

1935-ல் ஊருக்குள் மணிக்கு 30 மைல் (48 கி.மீ.) என்ற வரம்பு வந்தது. ஓட்டுநர் தேர்வும் கட்டாயமானது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து தெருவிளக்குகளை அணைத்தபோது நிலைமை இன்னும் மோசமானது. 1941-ல் 9,169 பேர் இறந்தார்கள். பிரிட்டன் சாலைகளின் வரலாற்றில் இதுவே மிக மோசமான வருடம்.

இந்தச் சமயத்தில்தான் ஆல்கர் டிரிப் என்பவர் வருகிறார். அவர் இஞ்சினியர் இல்லை. லண்டன் மாநகரக் காவல்துறையில் உதவி ஆணையர், போக்குவரத்துப் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1938-லும் 1942-லும் அவர் எழுதிய இரண்டு புத்தகங்களின் சாரம் இதுதான்: அபராதம் போட்டும் அறிவுரை சொல்லியும் மட்டும் விபத்தைத் தடுக்க முடியாது, விபத்து நடக்க வாய்ப்பில்லாதபடி சாலையையே அமைக்க வேண்டும். ஒரே தெருவில் குழந்தை விளையாடவும் வேண்டும், கடைக்கு ஆள் வரவும் வேண்டும், லாரி வேகமாகப் போகவும் வேண்டும் என்றால் மோதல் நடக்கத்தான் செய்யும். அதனால் சாலைகளை வகை பிரிக்கச் சொன்னார். தூரப் பயணத்துக்கு ஒரு வகை: அதன் ஓரத்தில் வீட்டு வாசலோ கடையோ இருக்கக் கூடாது, குறுக்குச் சந்திப்புகளும் குறைவாக இருக்க வேண்டும். குடியிருப்புக்கு வேறு வகை: அதில் வெளியூர் வண்டி குறுக்கே புகுந்து போக முடியாது.

இந்த யோசனையை எடுத்துக்கொண்டவர் நகரத் திட்டமிடல் நிபுணர் பேட்ரிக் அபெர்குரோம்பி. அவருக்கு முன்பே 1937-ல் சர் சார்லஸ் பிரெஸ்ஸி என்ற சாலைப் பொறியாளர் லண்டனுக்குச் சுற்றுச்சாலைகள் வேண்டும் என்று ஓர் ஆய்வு தயாரித்திருந்தார். (அவருக்கு ஆலோசகராக இருந்தவர் நம் புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்!) அபெர்குரோம்பி 1943, 1944-ல் தந்த இரண்டு பெரிய திட்டங்களில் லண்டனைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஐந்து வளையங்கள் இருந்தன. ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர். வளையங்களில் வெளியூர் வண்டிகள் ஓடும், வளையங்களுக்கு நடுவே உள்ள பகுதிகளில் மக்கள் நிம்மதியாக வாழ்வார்கள். டிரிப்பின் பாதுகாப்பு யோசனையை ஒரு முழு நகரத்துக்கும் விரித்தால் வருவது இதுதான்.

ஆகவே வட்டச்சாலையின் முதல் பாதுகாப்பு அம்சம் வட்டச்சாலையே. தடுப்பு, விளக்கு, கேமரா எல்லாம் அப்புறம் வந்தவை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

ஐந்து வளையம் ஒன்றாகச் சுருங்கிய கதை

போர் முடிந்தது, கையில் காசு இல்லை. திட்டம் தூங்கியது. ஒரே ஒரு முக்கியமான காரியம் நடந்தது. 1949-ல் ஒரு தனிச் சட்டம் போட்டு, நடப்பவர், சைக்கிள், மாட்டுவண்டி, குதிரைவண்டி எதுவும் நுழைய முடியாத, மோட்டார் வண்டிக்கு மட்டுமான சாலை போட அரசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதன்படி வந்த முதல் மோட்டார்வே 1958 டிசம்பரில் பிரஸ்டன் ஊரில் திறந்த 8 மைல் புறவழிச்சாலை. அடுத்த வருடம் லண்டனிலிருந்து வடக்கே போகும் எம்-1 வந்தது.

அந்த எம்-1 எப்படி இருந்தது தெரியுமா? வேகக் கட்டுப்பாடு கிடையாது. நடுவில் இரும்புத் தடுப்பு கிடையாது. விளக்கும் கிடையாது. எதிரே வரும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வெறும் புல்தரை. பெட்ரோல் வண்டி தோன்றி எழுபது வருடம் ஆன பிறகும் நிலைமை இதுதான். 1965-ல் பனிமூட்டத்தில் தொடர் மோதல்கள் நடந்த பிறகே டிசம்பர் மாதம் மணிக்கு 70 மைல் (112 கி.மீ.) என்ற வரம்பைச் சோதனையாகக் கொண்டு வந்தார்கள். 1967-ல் அது நிரந்தரமானது.

லண்டன் வளையங்களின் கதை 1960-களில் மறுபடி உயிர் பெற்றது. 1965-ல் பெருநகர லண்டன் மன்றம் உருவானது. அபெர்குரோம்பியின் வளையங்களைத் தூசி தட்டி எடுத்து, நான்கு வளையங்களாக மாற்றி, எல்லாவற்றையும் மோட்டார்வே தரத்தில் போடப் போவதாக அறிவித்தார்கள். முதல் இரண்டு வளையங்களும் நெருக்கமான குடியிருப்புகளுக்கு உள்ளே போயின. ஆயிரக்கணக்கான வீடுகளை இடிக்க வேண்டும்.

இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி 1970 ஜூலையில் மக்கள் கண் முன்னால் வந்தது. வெஸ்ட்வே என்ற உயர்மட்டச் சாலை. சுமார் 4 கிலோமீட்டர் தூரம் தூண்களின் மேலேயே ஓடுகிறது. அக்லம் ரோடு என்ற தெருவில் மாடி வீட்டு ஜன்னல்களுக்கு மிக அருகிலேயே வண்டிகள் பறந்தன. திறப்பு விழா நாளிலேயே அந்தத் தெரு மக்கள் துணிப் பதாகை கட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே வருடம் மன்றத் தேர்தலில் ‘சாலைக்கு முன் வீடு’ என்ற கோரிக்கையையே பெயராக வைத்து ஒரு கட்சி போட்டியிட்டது. ஓர் இடம் கூட ஜெயிக்கவில்லை. ஆனால் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 1973 தேர்தலில் தொழிற்கட்சி வென்றதும் உள் வளையங்களைக் கைவிட்டது. அதே 1973-ல், புதுச் சாலையின் சத்தத்தாலும் புகையாலும் சொத்தின் மதிப்பு குறைந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்று நாடாளுமன்றம் சட்டமும் போட்டது.

மிச்சம் இருந்தது வெளிப்பக்கத்து மூன்றாம், நான்காம் வளையங்கள். இரண்டையும் முழுதாகப் போடப் பணம் இல்லை. ஆகவே 1975-ல் ஒரு முடிவு எடுத்தார்கள். மூன்றாம் வளையத்தின் வடக்கு, கிழக்குப் பகுதியையும் நான்காம் வளையத்தின் தெற்கு, மேற்குப் பகுதியையும் எடுத்து ஒட்டி, ஒரே வளையமாக்கி அதற்கு எம்-25 என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வெவ்வேறு சட்டைகளைப் பாதி பாதி வெட்டி ஒரு சட்டை தைத்த மாதிரி. :)

முழு வட்டத்தையும் வைத்து மக்களிடம் ஒருமுறை கூடக் கருத்துக் கேட்கவில்லை. துண்டு துண்டாக 39 பொது விசாரணைகள் நடந்தன. ஒவ்வொரு விசாரணையிலும் அந்தத் துண்டைப் பற்றி மட்டுமே பேச முடிந்தது.

இன்னொரு வேடிக்கை, எம்-25 சட்டப்படி முழு வட்டமே இல்லை. கிழக்கே டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் நதியைக் கடக்கும் சுரங்கமும் பாலமும் மோட்டார்வே கணக்கில் சேராது, அதற்கு ஏ-282 என்று தனிப் பெயர். மோட்டார்வேயில் அனுமதி இல்லாத சின்ன மோட்டார் சைக்கிள் போன்ற வண்டிகளுக்கும் நதியைக் கடக்க அங்கே அந்த ஒரு வழிதான் இருக்கிறது. அவர்களையும் விட வேண்டுமே! பாதுகாப்புக்காக ஒருவரை ஒதுக்கினால் அவருக்கு வேறு வழி காட்ட வேண்டும் என்ற நியாயம் இந்தச் சின்ன விஷயத்தில் இருக்கிறது.

கணக்கில் உயிர் எங்கே வருகிறது?

இங்கே கொஞ்சம் நம் பாடத்துக்கு வருவோம். ஒரு சாலை தேவையா என்று முடிவு செய்ய பிரிட்டன் அரசு செலவு-பலன் ஆய்வைப் பயன்படுத்தியது. எம்-1 சாலைக்கு 1960-ல் வெளியான ஆய்வு இந்தத் துறையில் ஒரு முன்னோடி. 1970-களில் இதற்கென்றே கம்ப்யூட்டர் நிரல் வந்துவிட்டது. செலவுப் பக்கம் நிலம், கட்டுமானம், பராமரிப்பு. பலன் பக்கம் முக்கியமாக மூன்று: மிச்சமாகும் நேரம், மிச்சமாகும் எரிபொருள் முதலிய ஓட்டச் செலவு, குறையும் விபத்து.

இதில் எது பெரிதாக வரும்? நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 2 லட்சம் வண்டி போகும் சாலையில் வண்டிக்கு ஒரே ஒரு நிமிடம் மிச்சமானால் நாளைக்கு 3,333 மணி நேரம். வருடத்துக்கு 12 லட்சம் மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ரேட் போட்டுப் பெருக்கினால் மிகப் பெரிய தொகை. அதனால்தான் சாலைத் திட்டங்களின் பலன் பக்கத்தில் பெரும்பாலும் நேரமே பெரிய பங்கைப் பிடிக்கிறது. உயிர் காப்பது சின்னத் தொகையாகவே நிற்கிறது.

உயிருக்கு எப்படி விலை போட்டார்கள்? 1980-கள் வரை முக்கியமாக ஒரே வழி. இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்து உற்பத்திக்கு உதவியிருப்பார் என்று பார்த்து, துயரத்துக்கென்று ஒரு தொகையைக் கூடச் சேர்த்தார்கள். இந்த முறையில் ஓய்வு பெற்ற ஒரு பாட்டியின் உயிருக்கு என்ன மதிப்பு வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1988-ல் முறையை மாற்றினார்கள். ஆபத்தைக் கொஞ்சம் குறைக்க மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று கேட்டார்கள். உதாரணத்துக்கு, லட்சத்தில் ஒரு பங்கு சாவு ஆபத்தைக் குறைக்க ஒவ்வொருவரும் 5 பவுண்டு கொடுக்கத் தயார் என்றால், லட்சம் பேரின் தொகை 5 லட்சம் பவுண்டு. அந்த லட்சம் பேரில் ஓர் உயிர் பிழைக்கிறது. அந்த வருடம் அரசு ஏற்றுக்கொண்ட தொகையும் 5 லட்சம் பவுண்டுதான், பழைய தொகையை விட மிக அதிகம். இன்று அது 20 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது.

கவனியுங்கள். 1986-ல் எம்-25 முடிந்தது, 1988-ல் உயிரின் மதிப்பு ஏறியது. எம்-25-ன் எல்லாத் துண்டுகளும் பழைய ரேட்டில் கணக்குப் போட்டவை. எண்ணை மாற்றினால் அதே ரோட்டில் அதே தடுப்புக் கம்பி திடீரென்று ‘கட்டுபடியாகும்’ செலவு ஆகிவிடுகிறது. ரோடும் மாறவில்லை, மனிதனும் மாறவில்லை, கணக்கு மட்டும்தான் மாறியது. இதனால்தான் இந்தக் கணக்கை இஞ்சினியர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு காரணம்

1984 டிசம்பர் 11. சாலை முழுதாக முடியவில்லை, ஆனால் தெற்கே கோட்ஸ்டோன் பக்கம் உள்ள துண்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அடர்ந்த பனிமூட்டம். இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்று மோதின. 9 பேர் இறந்தார்கள்.

இதன் இயற்பியல் ரொம்ப எளிது. மணிக்கு 70 மைல் என்றால் ஒரு நொடிக்கு 31 மீட்டர். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகப்படி அந்த வேகத்தில் வண்டி முழுதாக நிற்க 96 மீட்டர் வேண்டும். பனியில் 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், முன்னால் நிற்கும் வண்டியைப் பார்த்த பிறகு எவ்வளவு நல்ல டிரைவராலும் நிறுத்த முடியாது. ஓட்டுநரைத் திட்டி ஒரு பயனும் இல்லை. பனி இருக்கிறது என்று அவர் பனிக்குள் நுழைவதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டும்.

பிறகு எம்-25-ல் பனியைத் தானாகக் கண்டுபிடித்து மேலே பலகையில் எச்சரிக்கும் கருவிகள் வந்தன. 1993-ல் வெளியான ஆய்வில் அதனால் சராசரி வேகம் எவ்வளவு குறைந்தது தெரியுமா? மணிக்கு சுமார் 1.8 மைல். அவ்வளவுதான்! எச்சரிக்கை செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்ற நினைப்புக்கு இது நல்ல பாடம். டிரிப் சொன்னது மறுபடி ஞாபகம் வருகிறது.

அடுத்தது 1995. அதற்குள் சாலை நிரம்பி வழிந்தது. நாளைக்கு 88,000 வண்டிகள் என்று வடிவமைத்த சாலையில் 1993-லேயே 2 லட்சம் வண்டிகள் ஓடின. நெரிசலில் ஒருவர் பிரேக் போட, பின்னால் இருப்பவர் அதைவிட அழுத்திப் போட, அதற்குப் பின்னால் வண்டி நின்றே போகும். இந்த அலை பின்னோக்கி ஓடும், அதன் வாலில் மோதல் நடக்கும். இதைத் தடுக்க மேற்குப் பகுதியில் மாறும் வேக வரம்பைக் கொண்டுவந்தார்கள். சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்கள் வண்டிகளை எண்ணும். கூட்டம் கூடக் கூட, மேலே உள்ள பலகையில் 60, பிறகு 50 மைல் என்று வரம்பு இறங்கும். இந்த முறை வெறும் எச்சரிக்கை இல்லை, கேமரா இருந்தது, மீறினால் அபராதம். எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் போனதில் மொத்தக் கூட்டமும் சீராக நகர்ந்தது, காயம் ஏற்படுத்தும் விபத்துகளும் குறைந்தன. மெதுவாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்பதைக் கருவி வைத்து நிரூபித்தார்கள்.

இதற்கு நடுவே 1994-ல் அரசின் ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை தந்தது. சாலையை அகலப்படுத்தினால் புதுப் பயணங்கள் உருவாகும், ஆகவே மிச்சமாகும் என்று கணக்கில் காட்டிய நேரம் உண்மையில் மிச்சமாகாமல் போகலாம் என்றது. எம்-25-ன் ஒரு பகுதியை 14 தடமாக்கும் திட்டம் 1995-ல் கைவிடப்பட்டது. உள் வளையங்கள் இல்லாததால் பக்கத்து ஊருக்குப் போகிறவர் கூட ஒரு சந்திப்பில் ஏறி அடுத்த சந்திப்பில் இறங்கினார். வெளியூர் வண்டிக்கென்று வரைந்த வளையம் உள்ளூர்த் தெருவாகவும் வேலை செய்தது. டிரிப் பிரிக்கச் சொன்ன இரண்டும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டன.

ஓரத்தடம் என்ற ஓர் இடம்

கடைசியாக, என்னை இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

மோட்டார்வேயின் இடது ஓரத்தில் (அங்கும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்) ஒரு தடம் காலியாகவே இருக்கும். ஆங்கிலத்தில் ஹார்டு ஷோல்டர் என்பார்கள். டயர் வெடித்தாலோ இஞ்சின் நின்றாலோ அங்கே ஒதுங்கலாம். ஆம்புலன்ஸும் அந்த வழியாக வரும். கணக்குப் போடுகிறவர் கண்ணில் இது எப்படிப் படும்? 188 கிலோமீட்டர், இரண்டு பக்கமும், நிலம் வாங்கித் தார் போட்டு, நாள் முழுக்கச் சும்மா கிடக்கும் சொத்து. பக்கத்தில் மூன்று தடமும் நெரிசலில் திணறுகிறது. நம் பாட மொழியில் சொன்னால் பயன்படாத கொள்ளளவு.

2006-ல் பர்மிங்ஹாம் அருகே எம்-42-ல் நெரிசல் நேரத்தில் மட்டும் ஓரத்தடத்தில் வண்டி விட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே போனது. 2009-ல் எம்-25-ஐ அகலப்படுத்திப் பராமரிக்கத் தனியாரோடு 30 வருட ஒப்பந்தம் போட்டார்கள். 2010-ல் நாட்டின் தணிக்கை அலுவலகம் அதை ஆராய்ந்தது. அகலப்படுத்துவதற்குப் பதில் ஓரத்தடத்தைப் பயன்படுத்தியிருந்தால் பெரும் பணம் மிச்சமாகியிருக்கலாம் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. தணிக்கை செய்கிறவர் பார்வையில் நியாயமான கேள்விதான்.

2014-ல் எம்-25-ன் இரண்டு பகுதிகளில் ஓரத்தடம் நிரந்தரமாக ஓடும் தடம் ஆனது. ஸ்மார்ட் மோட்டார்வே என்று பெயர். ஒதுங்குவதற்குப் பதிலாக இடைவெளி விட்டு விட்டுச் சின்ன நிறுத்திடங்கள். அவற்றுக்கு நடுவே 2.5 கிலோமீட்டர் வரை தூரம் இருக்கலாம் என்பது அன்றைய விதி. வண்டி நின்றுபோனால் கேமராவில் பார்த்து மேலே சிவப்பு எக்ஸ் குறி போட்டு அந்தத் தடத்தை மூடுவார்கள். ஆனால் குறி விழும் வரை? நின்ற வண்டி ஓடும் தடத்தில் நிற்கும், பின்னால் லாரி வரும்.

2016-லேயே நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு இதை நீட்டிக்க வேண்டாம் என்றது. அரசு கேட்கவில்லை. 2020 ஜனவரியில், அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் நாடு முழுக்க ஸ்மார்ட் மோட்டார்வேக்களில் 38 பேர் இறந்தது வெளியே வந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் தெருவுக்கு வந்து போராடின. 2022-ல் புதிய திட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். 2023 ஏப்ரலில் ரத்தே செய்தார்கள். ஏற்கெனவே மாற்றிய பகுதிகளில் ஓரத்தடம் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக 39 கோடி பவுண்டு செலவில் 150-க்கும் மேற்பட்ட புது நிறுத்திடங்கள் கட்டுவதாக அறிவித்தார்கள். நின்ற வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடாரும் வைத்தார்கள்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஓரத்தடம் இல்லாத சாலைகளில் ஒட்டுமொத்த சாவு விகிதம் சாதாரண மோட்டார்வேயை விடக் குறைவாகவே இருந்தது. மாறும் வேக வரம்பினால் வேறு வகை மோதல்கள் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஓரத்தடமும் பத்திரமான இடம் இல்லை, அதில் நின்ற வண்டிகளின் மேலும் லாரிகள் ஏறியிருக்கின்றன. ஆனால் ஓடும் தடத்தில் நின்றுபோன வண்டியில் மோதும் ஆபத்து மட்டும் கூடியிருந்தது. அதாவது மொத்தக் கூட்டல் குறைந்தது, அதில் ஒரு வரி ஏறியது.

அப்படியானால் மக்கள் ஏன் கோபப்பட்டார்கள்? அவர்களுக்குக் கணக்குத் தெரியாததாலா? நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆபத்தைக் குறைத்துவிட்டு, அதற்கு ஈடாக வண்டி நின்றுபோன ஒருவரின் தலையில் ஒரு பெரிய ஆபத்தை வைப்பது சராசரிக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒருவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் யார் எதைக் கொடுத்தார், யார் எதைப் பெற்றார் என்பது தெரியாது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கம்பெனி நியாயமாக நடக்கிறது என்று அர்த்தம் இல்லை, இல்லையா?

முடிவாக

எம்-25 கதையில் எனக்குப் பட்டது இதுதான். வட்டச்சாலை பிறந்தது தெருவில் நடப்பவரின் உயிரைக் காக்க. அது வளர்ந்தபோது வண்டியில் போகிறவரின் நேரம்தான் கணக்கில் பெரிதாக இருந்தது. பாதுகாப்பு அம்சங்களில் பல, யாராவது இறந்த பிறகே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆரம்பத்திலிருந்தே இருந்த ஓர் அம்சமான ஓரத்தடத்தையும் ‘சும்மா கிடக்கிறது’ என்று எடுத்துக்கொண்டார்கள். சும்மா கிடப்பதுதான் அதன் வேலை. தீயணைப்பு வண்டி தினமும் ஓடவில்லை என்று யாரும் அதை விற்பதில்லை.

இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயமான கணக்கு இருந்தது. அதுதான் யோசிக்க வைக்கிறது.

நாளை நாமும் எங்காவது இந்த மாதிரி அறிக்கைகளைப் படிக்கிற, கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருப்போம். ஒரு புது வட்டச்சாலைத் திட்டம் மேசைக்கு வந்தால் எத்தனை தடம், எத்தனை கோடி என்று எல்லோரும் கேட்பார்கள். நாம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். இது வந்த பிறகு ஊருக்குள் எந்தத் தெருவில் லாரி ஓடாது? ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரின் வண்டி நின்றுபோனால் அவர் எங்கே ஒதுங்குவார்? இரண்டுக்கும் வரைபடத்தில் விரல் வைத்து இடத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.